பகற்பொழுதைப் பகிர்வோம்



நம் தாய்மார்கள் பலர் இல்லத்திலேயே தையற்பொறி வைத்துத் தொழில் புரிகின்றனர். இரவிக்கை தைக்க அமர்ந்தால் உலை பொங்குகிறது. உலையைக் கவனித்தால் குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது. வீட்டிலிருந்தே உழைப்பதால் அவ்வுழைப்பை நாம் உழைப்பென மதிப்பதில்லை.

2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர்.

குறித்த நாளில் தைத்துக் கொடுக்க இயலாதபோது நாம் செய்வதென்ன? மகளைப் பள்ளிக்கு அனுப்பாது அடுப்படியில் நிறுத்துகிறோம். 1942இல் நாகபுரி மகளிர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்திய கல்வி அங்கே கருகலாமா?

இளைஞர்களே! நாமும் தண்ணீர் சுமப்போம்; பாத்திரம் துலக்குவோம். தாயின் பகலை அவர்தம் தொழிலுக்கும், தங்கையின் பகலைப் பள்ளிக்கும் மீட்டுத் தருவோம்.