கரண்ட் போன இரவுக்கு எந்தப் பற்றரி?

(அப்புத்தளைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மழைக்காலம் வந்தால் நம்ம பக்கம் கரண்ட் போவது புதிதல்ல. மரம் விழும், கம்பி அறும். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டையும் பார்த்துவிட்டோம். ஆனால் நாங்கள் பேச வந்தது டி.வி. பார்க்கிற விஷயமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது காலையில் நடந்தது. இரவில் மலை இறங்கினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வாசல்படி தெரிய வேண்டும். 117க்குப் பேச போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

கரண்ட் வராத காலத்தில் கார் பற்றரியைத் தோளில் சுமந்துபோய் டவுனில் சார்ஜ் பண்ணிப் படம் பார்த்ததைப் பெரியவங்க அறிவீங்க. அதே நினைப்பில் நாங்களும் 2022இல் இந்தப் பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு பழைய லொறிப் பற்றரி வாங்கினோம். மலிவுதான். நாலு மாதத்தில் அரை மணித்தியாலம்கூட பல்பு எரியவில்லை. விசாரிக்காமல் வாங்கியது எங்கள் பிழை.

வாகனப் பற்றரி, இஞ்சினை இயக்க ஒரு சில வினாடிக்கு நிறைய கரண்ட் கொடுக்கச் செய்தது. உள்ளே தகடுகள் மெல்லியவை. இரவு முழுக்க உறிஞ்சினால் கெட்டுப்போகும். வீட்டுக்குப் பெரிய பற்றரி வேண்டுமென்றால் 'டீப் சைக்கிள்' என்று கேளுங்க. அதையும் பாதிக்கு மேல் இறக்காதீங்க.

ஒரு காம்பராவுக்கு அவ்வளவு பெரிசு தேவையில்லை. 12 வோல்ட், 7 அம்பியர் மணி உள்ள சின்ன மூடிய பற்றரியில் 84 வாட் மணி இருக்கும். பாதி 42. ஐந்து வாட் எல்.ஈ.டி. பல்பு எட்டு மணித்தியாலம் எரியும். போன் ஒன்றை முழுக்க சார்ஜ் பண்ணினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். கரண்ட் கேத்தலை நினைக்கவே வேண்டாம்!

லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றரி பாரம் குறைவு, பல வருஷம் உழைக்கும், முக்கால்வாசிக்கு மேலேயும் எடுக்கலாம். விலைதான் கூட. அதற்கென்று உள்ள சார்ஜரையே பாவிக்க வேண்டும்.

அசிட் ஊற்றும் பற்றரி சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். அடுப்புப் பக்கமோ பிள்ளை தூங்கும் இடத்திலோ வைக்காதீங்க. இஸ்தோப்பில் சாரல் படாத பலகைமேல் வையுங்க. பற்றரிக்குப் பக்கத்திலேயே கம்பியில் பியூஸ் போடுங்க. அசிட் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தீபாவளி முற்பணத்தில் வாங்க நினைக்கிறவங்க, செய்த திகதியைப் பாருங்க, உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்குங்க. காசு போதாவிட்டால் ஒரு நல்ல டோர்ச் லைட்டும் பவர் பேங்கும் முதலில் போதும். குப்பி விளக்கை மட்டும் தூங்கும் காம்பராவில் வைக்க வேண்டாம்.

சார்ஜ் பண்ணி ஓய்ந்த ஈயப் பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் மீட்டர் கொண்டு வருகிறோம். வீட்டில் கிடக்கும் பழையதையும் தூக்கிக்கொண்டு வாங்க, அளந்து பார்ப்போம்.