சாம்பலும் கிணற்று நீரும்

(பொறியியலாளரும் விவசாயிகளும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



சாம்பலைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணலாம். அடுப்புச் சாம்பலைக் கத்தரிக்கும் கீரைக்கும் தூவி வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் நான் சொல்ல வந்தது விறகுச் சாம்பலன்று, நிலக்கரிச் சாம்பல். நிலக்கரியில் அணுவளவாய்க் கலந்து கிடந்த ஆசனிக்கு, ஈயம், கட்மியம், குரோமியம் ஆகியன, கரி எரிந்து போனபின் சாம்பலிலே செறிந்து நிற்கின்றன.

நுரைச்சோலையில் முதல் மின்பிறப்பாக்கி 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. மொத்த ஆற்றல் 900 மெகாவாற்று. அந்நிலையம் நிற்பது கற்பிட்டித் தீபகற்பத்து மணல் நிலத்தில். மணலுக்குள் ஊறும் நன்னீரை இறைத்தே அங்கு மிளகாயும் வெங்காயமும் விளைகின்றன. அத்தகைய மண்ணில் சாம்பலை வெறுந்தரையிற் குவித்தால், அதை நனைத்த மழைநீர் எங்கே போய்ச் சேரும்?

குவித்து வைப்பதன் கேட்டை அமெரிக்கா கண்டது. ரெனசி மாநிலத்துக் கிங்ஸ்ரன் மின்நிலையத்தில் 2008 டிசம்பர் 22ஆம் நாள் அணை உடைந்து, ஏறத்தாழ 40 இலட்சம் கன மீற்றர் சாம்பற் சேறு வெளியேறி எமோரி ஆற்றில் நிறைந்தது.

ஆகவே சாம்பலைக் கட்டடப் பொருளாக்குவதை நான் வரவேற்கின்றேன். 100 இறாத்தல் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 இறாத்தல் காபனீரொட்சைட்டு வானில் ஏறும். எரிபொருட் புகை வேறு. சீமெந்தின் ஒரு பங்குக்குச் சாம்பலை ஈடாக்கினால் அவ்வளவுக்கு அப்புகை குறையும். கல் அகழ்வதும் குறையும்.

நஞ்சு என்னாகும்? சீமெந்தும் நீரும் சேரும்போது கல்சியம் சிலிக்கேற்றுப் பசை பிறக்கின்றது. அது உலோகங்களைத் தன்னுள் பிணைக்கும். அதன் காரத்தன்மை ஈயத்தையும் கட்மியத்தையும் எளிதிற் கரையாத பொருளாக்கும். ஆயினும் காரம் மிதமிஞ்சினால் ஈயம் மீண்டும் கரையும். ஆறு வலுவளவுள்ள குரோமியமோ எளிதில் அகப்படாது; இரும்புச் சல்பேற்றுச் சேர்த்து அதை மூன்று வலுவளவுக்கு இறக்க வேண்டும். சிறை உண்டு, ஆனால் எல்லாக் கைதிக்கும் ஒரே பூட்டுப் போதாது.

இங்கேதான் விழிப்பு வேண்டும். அமெரிக்கச் சோதனையொன்றில் பொருளை நொறுக்கி, மென்னமிலத்தில் ஏறத்தாழ 18 மணிநேரம் சுழற்றுவர். வடிநீரில் இலீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறைவாக ஈயம் இருந்தால் அதுவரையில் தேறியதாகும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவோ 0.01 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு வேற்றுமை! அச்சோதனை அபாயக் கழிவை இனம்பிரிக்க எழுந்தது. கிணற்றுக்கு வழங்கிய நற்சாட்சிப் பத்திரமன்று.

எனவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு தொகுதிச் சாம்பலும் அதிற் செய்த கல்லும் சோதிக்கப்படுக. இரண்டு, முழுக்கல்லை மட்டுமன்றி உடைந்த கல்லையும் சோதிக்குக. வீடு ஒருநாள் இடியும், இடிபாடு நிலத்தில் விழும். மூன்று, சூழவுள்ள கிணறுகளின் நீர் காலந்தோறும் ஆராயப்பட்டு, முடிவு மக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்படுக.

பொறியியலாளர்களே, கணக்கை நீங்கள் கேளுங்கள். விவசாயிகளே, தண்ணீரை நீங்கள் கேளுங்கள். சாம்பலைக் கட்டிவிட்டோம் என்பார் சொல் போதாது. கட்டுண்டு கிடக்கின்றது என்பதற்குச் சான்று வேண்டும்.