சத்தம் போடாத டேப்பெட்டைக் கவனியுங்கள்

(நம் சங்கத்தின் ஞாயிறு காலைச் சந்திப்பில், பார்க்கிங்கில் காரை வைத்துச் செய்து காட்டியபடி பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னுடைய வெள்ளை அம்பாசடரை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் காலை ஆறரை மணிக்குக் கேட்டிருப்பீர்கள். "தையல் மெஷின் மாதிரி டக் டக்னு அடிக்குது சார், தூக்கம் போயிடுது" என்று முதல் மாடியில் ஒருவர் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளே ஒரு பட்டறைக்குப் போய், "சத்தமே வரக்கூடாது" என்றேன். கால் மணி நேரத்தில் டைட் செய்து கொடுத்துவிட்டார்கள். வண்டி பட்டுப் போல ஓடியது.

ஆறே மாதத்தில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஹெட்டைக் கழற்றினால், நான்காம் வால்வின் ஓரம் பிஸ்கட்டைக் கடித்தது போல எரிந்து போயிருந்தது. அப்பா 1984-இல் வாங்கிய வண்டி அது. பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. சத்தம் வரக்கூடாது என்று கேட்டவன் நான்தான்.

ஏன் எரிந்தது? இந்த 1489 சிசி இன்ஜினில் நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. கீழே இருக்கும் கேம் ஷாஃப்ட் டேப்பெட்டைத் தூக்க, அது புஷ் ராடைத் தள்ள, ராக்கர் சாய்ந்து வால்வைத் திறக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். எக்ஸாஸ்ட் வால்வின் சூடு 700 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்தச் சூடு இறங்க முக்கியமான வழி, மூடியிருக்கும் நேரத்தில் வால்வு சீட்டின் மேல் அழுந்த உட்காருவதுதான். சூட்டில் இரும்பு நீளும். நீள்வதற்கு இடம் வேண்டும் என்றுதான் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுகிறார்கள். இந்த வகை இன்ஜினுக்கு அது 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். ஏறக்குறைய நான்கு ஏ4 தாள்களின் கனம்.

இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும். நமக்குத் தெரிந்துவிடும். இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக உட்காராது, சூடு இறங்காது, ஓரம் எரியும். ஆனால் சத்தம் வராது. ஆபத்தே அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. நம் மூச்சுக்கு நல்லது. ஆனால் பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் காப்பாக இருந்தது. அது இல்லாமல் சீட் தேயத் தேய, வால்வு உள்ளே இறங்கி இடைவெளி தானாகவே சுருங்கும். அதனால் யாரும் கை வைக்காவிட்டாலும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும்.

செய்யும் முறை இதுதான். சூடாக அளப்பதா, ஆறியபின் அளப்பதா என்று உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அளவையும் அதிலேயே சரிபாருங்கள். சூடாக்க வேண்டுமானால் வெளியே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். அடித்தளப் பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் குடிக்கும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் இன்ஜின் லேசாகச் சுற்றும். மேல் மூடியைத் திறந்து, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். இனி ஒன்பதாம் கணக்கு: முன்பக்கக் கைப்பிடியால் இன்ஜினைச் சுற்றி, 1-ஆம் வால்வு முழுதும் அமுங்கியதும் 8-ஐ அளக்க வேண்டும். 3 அமுங்கினால் 6. 5 அமுங்கினால் 4. 2 அமுங்கினால் 7. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும்.

ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் விடுங்கள். லேசான பிடிப்போடு நழுவி வரவேண்டும். இல்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கியபின் மறுபடி அளங்கள். இறுக்கும்போது அளவு மாறுவது சகஜம். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசி அளவைத்தான். மூடியின் கீழிருக்கும் கார்க் பேக்கிங் உடைந்திருந்தால் புதிது போடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கசிந்து நம் தரையில்தான் சொட்டும்.

நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை. எனக்கு அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்ததில் ஹெட் வேலையே வந்து சேர்ந்தது.

முதல் மாடிக்காரருக்கு ஒரு வார்த்தை. அளவு சரியாக இருந்தாலும் இந்த இன்ஜின் கொஞ்சம் டக் டக் என்றுதான் பேசும். அது ஆரோக்கியமான சத்தம். உங்களுக்காக வண்டியைக் கேட் வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்கிறேன். தள்ள ஒரு கை கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஃபீலர் கேஜ் என் வீட்டில் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயங்காமல் வந்து கேளுங்கள்.