தன்னுயிரும் ஓருயிரே

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கொல்லாமை என்றதும் சமணக் குடும்பங்களின் நினைவில் முதலில் எழுவன வடிகட்டிய நீரும், இரவுண்ணாமையும், கிழங்கு நீக்கிய சமையலும் ஆகும். நெல்லைக் காய வைக்கும் முற்றத்திலும் எறும்பை விலக்கிவிட்டுப் பாய் விரிக்கும் இல்லங்கள் அவை. அத்தகைய இல்லத்தில், மணமாகிச் சென்ற மகளின் முகவாட்டமும், காதலில் ஏமாற்றமுற்ற மகனின் உறக்கமின்மையும் அதே கவனத்தோடு எண்ணப்படுகின்றனவா? இவ்வுரை எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே. பிறவுயிர்க்கு இரங்குக என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, தன்னுயிரும் ஓருயிரே என்பதும் சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும். அன்பின் பெயரால் எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்னும் தெளிவு அங்கிருந்துதான் பிறக்கும்.

பிராணன் பத்து

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் இம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, சோர்வுற்ற, கடும்பற்று மிக்க செயலால் பிராணனுக்கு ஊறு விளைப்பதே இம்சை என்றார். பிராணன் என்பது மூச்சு மட்டுமன்று. ஐம்பொறிகள், மனவலிமை, சொல்வலிமை, உடல்வலிமை, மூச்சு, ஆயுள் எனப் பத்துப் பிராணன்களை ஆகமம் எண்ணுகிறது. ஒருவர் வாய் திறந்து பேசவே அஞ்சும்படி செய்வது சொல்வலிமைக்குச் செய்யும் ஊறு. நாள்தோறும் இகழ்ந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒருவரை நம்பவைப்பது மனவலிமைக்குச் செய்யும் ஊறு. உடலில் தழும்பு இல்லை என்பதால் அங்கே இம்சை இல்லை என்று சமணம் தீர்ப்பளிக்கவில்லை.

அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மற்றுமோர் உண்மையை விளக்குகிறார். சினம், செருக்கு, மாயம், உலோபம் ஆகியவற்றின் வயப்பட்டவர் பிறரை வருத்துவதற்கு முன்னரே தம் ஆன்மாவை வருத்திக்கொள்கிறார் என்பது அதன் கருத்து. தன்னைத் தான் வருத்துதலும் இம்சையே என்று இதனால் விளங்குகிறது. அவர் இல்லாவிட்டால் தனக்கு வாழ்வில்லை என்று உண்ணாமல் உறங்காமல் உடலை வாட்டுவதும், தன்னை அடிக்கும் கையைத் தன் ஊழ் என்று பொறுத்திருப்பதும் அறச்செயல்கள் ஆகமாட்டா. துறவியர் வெல்ல வேண்டிய இருபத்திரண்டு பரீஷகங்களை எடுத்துக்காட்டி, இல்லறப் பெண்ணிடம் பொறுமை கேட்போர் உண்டு. அந்தப் பொறுமை, நெறியிலிருந்து வழுவாதிருக்கவும் வினை உதிரவும் துறவி தாமே விரும்பி ஏற்பது. ஒருவர் மீது மற்றொருவர் சுமத்தும் கொடுமைக்கு அதனைச் சான்றாக்குதல் பொருந்தாது.

மதிப்பும் மதமும்

தன்மதிப்பு என்றவுடன் அது செருக்காகிவிடாதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. இவ்வையத்துக்குச் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விடை வைத்திருக்கிறார். அறிவு, பிறர் செய்யும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல் ஆகிய எட்டைப் பற்றிக்கொண்டு நிமிர்வதே மதம். இவ்வெட்டும் வந்து போகின்றவை. ஆன்மாவுக்கு இயல்பாக உரியவையோ கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா வலிமை, கடையிலா இன்பம் என்னும் நான்கு. எல்லா உயிர்க்கும் பொதுவான இந்த இயல்பை உணர்ந்து தன்னை மதிப்பவர் பிறரைத் தாழ்த்த இயலாது. தம்மைத் தாழ்த்திக்கொள்ளவும் அவருக்குக் காரணமில்லை.

திருமணப் பேச்சில் வைத்துப் பார்க்கப்படும் தராசுகளைச் சற்று எண்ணுக. படிப்பு, குடும்பப் பெருமை, நிலபுலன், நிறம், உயரம். எட்டு மதங்களில் பலவும் அந்தப் பட்டியலிலேயே அமர்ந்திருக்கின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் போதாது என்று திரும்பிச் செல்லும்போது, அந்தப் பெண்ணின் உயிர் மதிப்பில் அணுவளவும் குறைவதில்லை. சம்பளம் போதாது என்று மறுக்கப்பட்ட இளைஞனுக்கும் இதுவே பொருந்தும். வீட்டார் இதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அடுத்து வருபவர் எவராயினும் தலையசைத்துவிடும் மனநிலைக்குப் பிள்ளைகள் தள்ளப்படுவார்கள். தகாத உறவுகள் பல தொடங்குமிடம் அதுவே.

மூவர் கதை

இதனை விளக்க மூன்று பெண்களின் கதைகள் உதவும். முதலாமவள் இராஜிமதி. போளூரை அடுத்த திருமலையில் சுமார் 16 அடி உயரத்தில் பாறையில் எழுந்தருளியிருக்கும் நேமிநாதரை வணங்காத தமிழ்ச் சமணர் அரியர். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரரான அப்பெருமான் மணக்கோலத்தில் வரும் வழியில், விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் கதறலைக் கேட்டுத் தேரைத் திருப்பித் துறவு பூண்டார். மணப்பந்தலில் காத்திருந்தவள் உக்கிரசேனன் மகள் இராஜிமதி. ஊரறிய மணம் நின்றது. அவள் தன்னைப் பழித்துக்கொள்ளவில்லை, அவரை நிந்திக்கவுமில்லை. வேறு மணம் பேசலாம் என்றோரின் சொல்லுக்கும் இணங்காமல், தன் வழியைத் தானே தெரிந்தெடுத்துத் துறவு மேற்கொண்டாள்.

அவள் வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சியைச் சுவேதாம்பர ஆகமமான உத்தராத்யயன சூத்திரம் கூறுகிறது. மழையில் நனைந்து ஒரு குகையில் ஒதுங்கிய இராஜிமதியை, அங்கிருந்த நேமிநாதரின் தம்பி இரதநேமி கண்டு மனம் தடுமாறித் தன்னை ஏற்குமாறு வேண்டினான். அவனும் துறவியே. அவள் அஞ்சி ஒடுங்கவில்லை. அவன் ஏற்ற நோன்பையும் பிறந்த குலத்தையும் நினைவூட்டி மறுத்தாள். அவனும் அம்மறுப்பைக் கேட்டுத் திருந்தி நெறியில் நின்றான். மறுப்பது பெண்ணுக்கு உரிமை. மறுப்பைக் கேட்டு விலகுவது ஆணுக்கு இழிவன்று, அதுவே அவனை மீட்டது. வேண்டாம் என்றவளைப் பின்தொடர்வதைக் காதல் என்று எண்ணும் இளைஞர்க்கு இக்கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டாமவள் அனந்தமதி. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இரண்டாவதான அவாவின்மைக்கு எடுத்துக்காட்டாக இவள் பெயரே போற்றப்படுகிறது. சம்பாபுரி வணிகன் பிரியதத்தன் நந்தீசுவர எண்ணாள் விழாவில் பிரமசரிய நோன்பு ஏற்றபோது, விளையாட்டாக மகளையும் ஏற்கச் செய்தான். வளர்ந்த பின் மணம் பேசத் தொடங்கியபோது மகள் மறுத்தாள். அது விளையாட்டு, எட்டு நாளைக்கு மட்டுமே என்று தந்தை கூறினான். தான் ஏற்றது நோன்பு என்பது அவள் விடை. பின்னர் அவள் கடத்தப்பட்டாள். வித்தியாதரன், வேடர் தலைவன், வணிகன், அரசன் எனப் பலர் கையில் அகப்பட்டாள். பொன்னும் அரண்மனையும் காட்டி அழைத்தனர், அச்சுறுத்தியும் பார்த்தனர். அவள் இணங்கவில்லை. இறுதியில் அயோத்தியில் ஆர்யாங்கனை ஒருவரிடம் அடைக்கலம் பெற்றாள். அவ்வூருக்கு வந்த தந்தை, ஒரு வீட்டு முற்றத்தில் வரையப்பட்டிருந்த கோலத்தைக் கண்டு, அது தன் மகளின் கைவண்ணம் என்று தெரிந்து அவளைச் சேர்ந்தான்.

இக்கதையில் தந்தையர் கொள்ளத்தக்கவை இரண்டு. மகளின் சொல்லை விளையாட்டு என்று தள்ளலாகாது என்பது ஒன்று. பலர் கையில் அகப்பட்டு மீண்ட மகளை, அவன் பழி நோக்காமல் அழுது தழுவினான் என்பது மற்றொன்று. கோலத்தின் புள்ளிகளிலேயே மகளை அடையாளம் காணும் அளவுக்கு அவளை அறிந்திருந்தவன் அவன். மகளின் குரலில் தோன்றும் சிறு மாற்றத்தையும் அறிந்துகொள்ளும் தந்தையிடத்தில்தான் அவள் துன்பத்தைச் சொல்லத் துணிவாள்.

மூன்றாமவள் பத்திரை. குண்டலகேசி பௌத்த காப்பியம். அதற்குச் சமணர் அளித்த மறுமொழி நீலகேசி. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை வாமன முனிவரின் உரையோடு 1936-இல் பதிப்பித்தார். குண்டலகேசியின் பெரும்பகுதி மறைந்துவிட்டபோதிலும், அதன் கதையை அவ்வுரை காத்துத் தந்தது. கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட காளன் என்னும் கள்வனை மாளிகையிலிருந்து கண்டு காதல் கொண்டாள் வணிகன் மகள் பத்திரை. தந்தை அவனை மீட்டு மணம் முடித்துவைத்தான். பின்னொரு நாள் ஊடலில், நீ கள்வன் அல்லவோ என்று அவள் சொல்லிவிட, அச்சொல்லை மனத்தில் வைத்து அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். அவனை வலம்வந்து வணங்குவதாகச் சொல்லி அவளே அவனைத் தள்ளினாள்.

கொலையைச் சமணம் போற்றாது. ஆயினும் மலையுச்சியில் நிகழ்ந்ததை மட்டும் பேசிக்கொண்டிருத்தல் போதாது. பார்த்த கணத்தில் எழுந்த வேட்கையை அவள் ஆராயவில்லை. மகள் கேட்டதைத் தருவதே அன்பு என்று நினைத்த தந்தையும் அவன் இயல்பை ஆராயவில்லை. தன் அன்பால் அவன் திருந்திவிடுவான் என்னும் நம்பிக்கை இன்றும் பல பெண்களை இவ்வாறே மயக்குகிறது. குடியையோ சூதையோ கைநீட்டும் வழக்கத்தையோ மணமானால் சரியாகிவிடும் என்று பெரியவர்களே சொல்லித் தேற்றும் வழக்கமும் இதன் இன்னொரு வடிவமே. ஒருவர் திருந்துவது அவரவர் முயற்சியால் ஆவது. அதற்கு மணப்பெண் மருந்தாக மாட்டாள்.

ஐந்து அதிசாரங்கள்

உறவு நல்லதா தீயதா என்று அளந்தறிய ஆகமத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைக் குறைத்தல், தாங்கவொண்ணாச் சுமை ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. வீட்டில் வளரும் விலங்குகளிடத்தும் செய்யலாகாதவை என்று சிராவகர்க்கு இவை கற்பிக்கப்படுகின்றன.

மாட்டுக்குச் செய்யலாகாததை மனைவிக்கோ கணவனுக்கோ மருமகளுக்கோ எவ்வாறு செய்யலாம்? தாய்வீட்டுக்குப் போகவிடாமல், தோழியரோடு பேசவிடாமல், கைப்பேசியை நாள்தோறும் வாங்கிச் சோதித்து அடக்கிவைப்பது கட்டிவைத்தலின் இனம். ஈட்டிய ஊதியத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு செலவுக்குக் கையேந்த வைப்பது உணவு தடுத்தலின் இனம். அலுவலகப் பணியோடு வீட்டுப் பணி முழுவதையும் ஒருவர் தலையிலேயே ஏற்றுவது மிகைச் சுமை. காதலிக்கும் காலத்திலேயே இவற்றுள் ஒன்று தலைகாட்டினால், அதனை மிகுந்த அன்பின் அடையாளம் என்று கொள்ளாமல் எச்சரிக்கை என்று கொள்ள வேண்டும். அமைதியாகப் பேசிப் பார்க்கலாம். பேசிய பின்னும் தொடருமானால் விலகுதலே அகிம்சை.

நாட்டின் சட்டமும் இங்கே அறத்தோடு உடன்படுகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், உடலை வருத்துவதை மட்டுமன்றிச் சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் வருத்துவதையும் வன்முறை என்றே கொள்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். வற்புறுத்தி இசைவு பெற்ற திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரவும், கொடுமையைக் காரணமாகக் காட்டி மணவிலக்குக் கோரவும் அதில் இடமுண்டு. 181 என்னும் மகளிர் உதவி எண்ணை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும்.

பழி நீக்கலும் நிறுத்துதலும்

தமிழ்ச் சமணர் எண்ணிக்கையில் சிறிய சமுதாயம். வந்தவாசி, போளூர், திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் ஒரு வீட்டுச் செய்தி மாலைக்குள் பத்து ஊர்களுக்குச் சென்றுவிடும். திருமணமாகி ஆறே மாதத்தில் மகள் திரும்பி வந்தால் நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்னும் அச்சமே, திரும்பிப் போ என்று பெற்றோரைச் சொல்லவைக்கிறது. அந்த நான்கு பேர் பெரும்பாலும் இதே கோயிலில் இதே விழாவில் ஒன்றாக அமர்ந்து வழிபடுவோரே.

அவர்களுக்காகவே நற்காட்சியின் உறுப்புகளுள் பழி நீக்கலும் நிறுத்துதலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பிறர் குறையைத் தூற்றாமல் காத்தல் முன்னது. தளர்ந்தவரைத் தாங்கி நெறியில் நிறுத்துதல் பின்னது. பழி நீக்கல் என்பதை, கொடுமை செய்தவனின் குற்றத்தை மூடி மறைத்தல் என்று திரித்துக்கொள்ளலாகாது. அவ்வாறு மறைப்பது அடுத்து ஒரு பெண்ணை அதே வீட்டுக்கு அனுப்புவதில் முடியும். துன்புற்று மீண்டவரைப் பற்றி வம்பு பேசாதிருத்தலே பழி நீக்கல். அவர் படிக்கவும் பணி தேடவும், விரும்பினால் மறுமணம் செய்துகொள்ளவும் துணை நிற்றல் நிறுத்துதல்.

இல்லங்களில் இன்றே தொடங்கத்தக்கவை சில உண்டு. மணம் பேசும்போது இருவரும் தனித்து, அவசரமின்றிப் பலமுறை பேச இடமளிக்க வேண்டும். கடன், உடல்நலம், வேலை, முதியோர் பேணல், நோன்பு வழக்கங்கள் ஆகியவை ஒளிவின்றிப் பேசப்பட வேண்டும். நிச்சயம் முடிந்து பத்திரிகை அச்சாகிவிட்ட பின்னும் மகனோ மகளோ மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் கேட்க வேண்டும். அச்சுச் செலவும் மண்டபத்து முன்பணமும் ஓர் ஆயுளைவிடப் பெரியவை அல்ல. காதல் முறிந்த பிள்ளையை ஏளனம் செய்யாமல் அருகிருக்க வேண்டும். மணமாகிச் செல்லும் மகளிடம், இந்த வீட்டுக் கதவு உனக்கு என்றும் திறந்திருக்கும் என்று தந்தையும் தாயும் தம் வாயாலேயே சொல்லி அனுப்ப வேண்டும். மனத்தில் இருக்கிறது, அவளுக்குத் தெரியாதா என்று விட்டுவிடலாகாது. தெரியாமற்போன பெண்கள் இருக்கிறார்கள்.

மகனிடம் சொல்லி வளர்க்க வேண்டியதும் ஒன்றுண்டு. உன்னை நம்பி வருபவள் பத்துப் பிராணன்களோடு வருகிறாள். அவற்றுள் ஒன்றும் உன்னால் வாடலாகாது.

அறம் வாழ்க. அறவாழி வெல்க.