நினைவு மங்கினாலும் வாழ்வு மங்குவதில்லை

(யூபிலி விழாவின் முதியோர் நாளன்று ஆற்றிய உரை)



நம் பங்கைக் கட்டி வளர்த்த முதியோரை இன்று முன்வரிசையில் அமர்த்தி மகிழ்கிறோம். ஆனால் வீட்டைவிட்டு வெளிவராத முதியோர் சிலரும் நம்மிடையே உண்டு. "அவருக்கு ஒன்றும் புரியாது, கூட்டி வந்து என்ன பயன்?" என்கிறோம். இது சரிதானா என்று சற்றே சிந்திப்போம்.

குடையை வைத்த இடம் மறந்தால் அது வயது; குடை எதற்கென்பதே மறந்தால் அது நோய். டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோய் நம் நாட்டில் 60 வயது கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு உண்டென 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இந்நோய் எல்லாருக்கும் ஒரே வழியில் செல்வதில்லை. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த வகையே மிகுதி. அது வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைச்சாலைபோல் மெல்ல மெல்ல இறங்கும். 2018-இல் குறிஞ்சி பூத்தது நினைவிராது. 1958-இல் பூத்ததை விவரமாகச் சொல்வார்கள். மூளையின் இரத்தக் குழாய் அடைப்பால் வருவது பெரும்பாலும் படிக்கட்டுபோல் இறங்கும். சிலகாலம் நிற்கும், திடீரெனத் தாழும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தினால் இவ்வீழ்ச்சியைத் தணிக்க வழியுண்டு. லூயி பாடி என்னும் வகையோ நம் ஊர் மூடுபனி போன்றது. காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், கால் தடுமாறும். சில மனநோய் மருந்துகள் இவர்களுக்கு ஆபத்தானவை. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை 60 வயதுக்கு முன்பேகூட வரும். மறதிக்கு முன் குணம் மாறும். வீட்டார் அதைத் திமிர் என்று எண்ணி மனம் நோவார்கள்.

அப்படியானால் நினைவு குறையக் குறைய வாழ்வின் நிறைவும் குறைந்துவிடுமா? பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய ஐடியல் என்னும் ஆய்வில், நோய் முற்றாத நிலையிலிருந்தவர்களையே நேரில் கேட்டார்கள். ஈராண்டு கழித்தும் பலருடைய வாழ்வுநிலை பெரிதாகத் தாழவில்லை. லூயி பாடி வகையினரும் பார்க்கின்சன் நோயோடு மறதியும் கொண்டவர்களும் மற்றவர்களைவிட அதிகம் துன்புற்றார்கள். மனச்சோர்வும் தனிமையும் இருந்த இடத்தில் வாழ்வும் சோர்ந்திருந்தது. ஆகவே, நோயை மாற்ற நம்மால் இயலாது. தனிமையை மாற்ற நம்மால் இயலும்.

நாம் செய்ய வேண்டியவை எவை? முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தைராய்டு குறைவு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோல் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சரிவான நம் வீட்டுப் படிகளில் கைப்பிடி அமைப்போம். குளிர்கிறதென்று சொல்லத் தெரியாதவருக்கு நாமே கம்பளி போர்த்துவோம். தவறாகப் பேசினால் வாதாடாமல் கையைப் பற்றிக்கொள்வோம். பேரன் பெயரை மறந்தவரும், சிறுவயதில் கற்ற அருள்நிறை மந்திரத்தை நாம் தொடங்கினால் நம்மோடு சேர்ந்து சொல்லக்கூடும்.

இரவு பகலாய்ப் பார்த்துக்கொள்ளும் மகளையும் மருமகளையும் மறவாதீர்கள். பழைய ஏற்பாட்டில் யூபிலி என்பது விடுதலையின் ஆண்டு, நிலத்துக்கும் ஓய்வளித்த ஆண்டு. வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் வாரம் ஒரு மாலை அவ்வீடுகளுக்குச் சென்று அமர்ந்திருந்தால், அப்பெண்களுக்கும் யூபிலி வந்ததாகும். அடுத்த ஞாயிறு அம்முதியோரைத் திருப்பலிக்கு அழைத்து வாருங்கள். நடுவில் எழுந்து பேசினாலும் நாம் எவரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கமாட்டோம்.

அவர்கள் நம்மை மறக்கலாம். நாம் அவர்களை மறவாதிருப்போம். ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.