வழக்கு வந்தால் யார் நிற்பது?



மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அங்கே ஒருவர் பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழ்த்தளத்தோடு கடை கட்ட வானம் தோண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுகிறது. வக்கீல் நோட்டீஸ் வருகிறது, இடத்துக்காரருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் சேர்த்து.

"சார், பிளான் போட்டது நீங்க. கேஸையும் நீங்களே பாருங்க" என்கிறார் இடத்துக்காரர். "அண்ணாச்சி, நான் சொன்ன ஆழத்தைத் தாண்டித் தோண்டச் சொன்னது நீங்கதானே?" என்கிறார் ஆர்க்கிடெக்ட். வக்கீல் வைப்பது யார், அவருக்குப் பணம் கொடுப்பது யார்? இருவரும் அதைக் கடைக்கால் போடுவதற்கு முன்பே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 124, 125 ஆகிய பிரிவுகளில் ஈட்டுறுதி பற்றிப் பேசுகிறது. என்னால், அல்லது இன்னொருவரால், உனக்கு நட்டம் வந்தால் நான் காப்பேன் என்று ஒருவர் வாக்குக் கொடுப்பதுதான் அது. அந்த வாக்கைப் பெற்றவர் மேல் வழக்கு வந்தால், அவர் கட்டிய இழப்பீடு, வழக்குச் செலவு, சமரசத்தில் கொடுத்த தொகை மூன்றையும் திரும்பக் கேட்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தவரின் சொல்லை மீறாமல், கவனத்தோடு வழக்கை நடத்தியிருக்க வேண்டும்.

முதலில் கைக்காசைக் கட்டினால்தான் கேட்க முடியுமா? 1942இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சாக்ளா இதற்கு விடை சொன்னார். ஒரு மனையையும் அதில் எழுந்த கட்டடத்தையும் சுற்றி வந்த வழக்கு அது. பொறுப்பு உறுதியாகிவிட்டால், பணம் கட்டுவதற்கு முன்பே வாக்குக் கொடுத்தவரிடம் போய் நிற்கலாம் என்பது தீர்ப்பு. இருந்தாலும், நோட்டீஸ் வந்த முதல் நாளே உங்களுக்காக இன்னொருவர் வக்கீல் வைக்க வேண்டும் என்று இந்தப் பிரிவுகளில் எங்கும் இல்லை. அது வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

அளவில்லாமல் எழுதுவதும் ஆபத்து. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு ஜன்னல் நிறுவனத்தின் வழக்கில், தவறே செய்யாதவரும் எழுதிக் கொடுத்த வாக்குப்படி எதிர்வாதச் செலவை ஏற்க வேண்டும் என்றது. 2010இல் ஒரு பொறியியல் நிறுவனத்துக்கும் அதே நிலை வந்தது. 2018 முதல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம், பொதுவாக அவரவர் தவறின் பங்கு அளவுக்கே வடிவமைப்பாளர் செலவு ஏற்க வேண்டும் என்று எல்லை கட்டியது. நம் ஊர் ஒப்பந்தத்துக்கும் அதுவே நியாயமான அளவு.

ஆகவே சிலவற்றைத் தெளிவாக எழுதுங்கள். மண் பரிசோதனை யார் பொறுப்பு? திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் பிளக்கும். அங்கே இந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கட்டவே கூடாது. வேலை நடுவே பிளானை மாற்றினால் யார் கையெழுத்து? நோட்டீஸ் வந்தால் எத்தனை நாளில் மற்றவருக்குத் தெரிவிப்பது? வக்கீலைத் தேர்வது யார், சமரசத்துக்கு யார் சம்மதம் வேண்டும்? ஆர்க்கிடெக்டிடம் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா?

இன்னும் இரண்டு உண்மைகள். உங்கள் இருவருக்குள் எழுதிய தாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. அவர் இருவர் மேலும் வழக்குப் போடலாம். குற்ற வழக்கிலிருந்தும் அந்தத் தாள் காப்பாற்றாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டியது மதுரையைச் சேர்ந்த நிறுவனம். நிறுவனத்தாரோடு பொறியாளர்களும் கைதானார்கள். அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்த ஏழைத் தொழிலாளிகள். ஒப்பந்தம் பணத்தைப் பங்கிடும்; உயிரைக் காப்பது சரியான கடைக்காலும் நேர்மையான மேற்பார்வையும்தான்.

வீடு கட்டப் போகிறவர்களே, பிளானில் கையெழுத்துப் போடும் அன்றே ஒப்பந்தத்திலும் போடுங்கள். ஆர்க்கிடெக்ட் நண்பர்களே, உங்கள் கட்டணத்தைப் பேசும்போதே உங்கள் பொறுப்பின் எல்லையையும் வாய் திறந்து பேசுங்கள். பேசத் தயங்கிய அந்த அரை மணி நேரத்துக்காகப் பிறகு வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.