கடற்குகைகளின் மாடப்புறா

உலகின் நகரங்கள்தோறும் கோபுரங்களிலும் ரயில் நிலையங்களிலும் அடையும் புறாக்களின் மூதாதையான மாடப்புறா, ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளின் கடற்குகைகளில் இன்றும் காட்டுப்பறவையாகவே வாழ்கிறது. வீட்டுப்புறா வகைகள் அனைத்தும் இந்த ஓர் இனத்திலிருந்தே தோன்றியவை என்று சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் வாதிட்டார். ஆனால் வளர்ப்பிலிருந்து தப்பிய புறாக்கள் காட்டுப்புறாக்களோடு இணைந்து கலப்புக் குஞ்சுகளைப் பெருக்குவதால், கலப்பற்ற மாடப்புறாவைக் காண்பது அரிதாகிவிட்டது. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, ஹெப்ரிடீஸ் புறாக்களில் கலப்பு மிகக் குறைவென்றும் ஆர்க்னித் தீவுகளில் அது மிகுதியென்றும் காட்டியது.

வெளிர்சாம்பல் உடல், பச்சையும் ஊதாவும் மின்னும் கழுத்து, மடித்த இறக்கையில் அகலமான இரண்டு கறுப்புப் பட்டைகள், பறக்கும்போது பளிச்சிடும் வெண்மையான அடிமுதுகு ஆகியவை அங்குள்ள மாடப்புறாவின் அடையாளங்கள். தமிழ்நாட்டில் காணப்படும் துணையினத்துக்கு அடிமுதுகும் சாம்பல் நிறமே என்பதால், வெண்மை என்ற அடையாளம் இங்கே பொருந்தாது. நகரப் புறாக்களுள் சிலவும் இதே நிறத்தில் இருப்பதால், நிறத்தைவிட அலகே கூடுதலாக உதவும். காட்டுப்புறாவின் அலகு மெலிந்தது, மூக்குத் துளைகளின் மேலுள்ள வெண்ணிறச் சதைத்திரட்சியும் சிறியது. எனினும் தனிப்பறவையைக் கொண்டு முடிவு செய்வதைவிடக் கூட்டம் முழுவதையும் பார்ப்பதே நம்பகமான வழி. கலப்பற்ற கூட்டத்தில் எல்லாப் பறவைகளும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்க, கலப்புக் கூட்டத்தில் புள்ளியிட்டவை, கரியவை, செம்பழுப்பு நிறத்தவை, வெள்ளைத் திட்டுள்ளவை என்று பல சாயல்கள் தென்படும்.

வெளிச்சம் குறைந்த குகைத் திட்டுகளில் புல்லையும் தண்டுகளையும் பரப்பி, பெட்டை பெரும்பாலும் இரண்டு வெண்ணிற முட்டைகளை இடுகிறது. பகலின் நடுப்பகுதியில் ஆணும், மற்ற நேரங்களில் பெட்டையுமாக ஏறத்தாழ 18 நாள்கள் அடைகாக்கின்றன. பொரித்த குஞ்சுகளுக்கு முதல் சில நாள்கள் தானியம் தரப்படுவதில்லை; உணவைத் தேக்கிவைக்கும் தொண்டைப்பையின் உட்சுவரிலிருந்து உதிரும், கொழுப்பும் புரதமும் செறிந்த ‘புறாப்பால்’ என்னும் தயிர் போன்ற பொருளைத் தாயும் தந்தையும் ஊட்டுகின்றன. பறவையுலகில் பாலூட்டும் பொறுப்பை ஆணும் இவ்வாறு ஏற்பது வியந்து போற்றத்தக்கது.

கடலோரத்தில் வாழ்ந்தாலும் இவை கடலிலிருந்து இரை தேடுவதில்லை. காலையில் குகையிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, அலைகளை ஒட்டித் தாழப் பறந்து, உள்நிலத்தின் ஓட்ஸ், பார்லி வயல்களில் சிந்திய மணிகளையும் களைவிதைகளையும் பொறுக்குகின்றன. ஆகவே தீவுகளின் சிறு விவசாயிகள் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டால், குகைகள் அப்படியே இருந்தாலும் அவற்றில் வாழும் புறாக்களுக்கு இரை கிடைப்பது அரிதாகிவிடும்.